பாதி இதழில் நின்ற கை

மாடி வீட்டுக்காரிக்குத் தெரு வைத்திருந்த பெயர் வாய்ப்பூட்டு. வைத்தவள் எதிர் வீட்டுத் தையல்காரி. கேட்டுப் பாருங்கள், தனக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, காற்றில் வந்தது என்பாள்.

பெயரில் தப்பு சொல்ல முடியாது. காலையில் ஜன்னலைத் திறந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், மதியச் சாப்பாடு வரைக்கும் அந்த வாயிலிருந்து ஒரு சொல் உதிராது. சிலிண்டர்காரன் கதவைத் தட்டினால் எங்கே வைப்பதென்று விரலால் காட்டுவாள். தபால்காரர் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிட்டுத் தலையை ஆட்டுவாள். போன் அடித்தால் அது பாட்டுக்கு அடித்து ஓயும். ஐம்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை, யாரிடமும் கையேந்தாதவள். அப்படிப்பட்டவள் தெருவோடு நாலு வார்த்தை பேசாமல் இருந்தால் தெரு என்ன நினைக்கும்? கர்வம் என்றது ஒரு கட்சி. காதல் தோல்வி என்றது இன்னொரு கட்சி. தையல்காரி இரண்டு கட்சியிலும் இருந்தாள்.

விஷயம் வெளியே வந்தபோது இரண்டு கட்சியும் கலைந்தன. காரணம் எச்சில்.

பழைய கிராமபோன் பெட்டியின் மேல் பெரிய பூ மாதிரி விரிந்து நிற்குமே, அந்த ஹார்னைச் சுத்தம் செய்வதுதான் அவள் பிழைப்பு. தெரு அதைப் புனல் என்றுதான் சொல்லும். அவள் காதில் விழுந்தால் புருவம் சுருங்கும். முன்பு ஒரு அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தாள். பிரிவை மூடிவிட்டார்கள். அவள் கையிலிருந்த வித்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். வெறும் பித்தளை ஹார்ன் என்றால் சங்கடமில்லை. கையால் பூ வரைந்த ஹார்ன் வந்தால்தான் வாயைப் பூட்ட வேண்டியிருக்கும். சோப்பு போட்டால் பூவின் ஓரத்துத் தங்கக் கோடு கையோடு வந்துவிடும். ஸ்பிரிட் போட்டால் பூவே வந்துவிடும். எச்சில் ஒன்றுதான் மேலே படிந்த புகையையும் பிசுக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வர்ணத்தை அதன் போக்கில் விட்டுவைக்கும். மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, பூவின் மேல் உருட்டுவாள். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். பஞ்சு கறுத்ததும் அதைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று. பின்னாலேயே தண்ணீர் தொட்ட பஞ்சு, அதற்குப் பின்னால் உலர்ந்த பஞ்சு.

இதை முதன்முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்த அன்று தையல்காரி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டதை மற்றவர்கள் சொன்னார்கள்.

ஆக, பேசினால் வாய் வறண்டுவிடும். டீ குடித்தால் எச்சிலில் டீ கலந்துவிடும். காரம் ஆகாது, புளிப்பு ஆகாது, அரட்டை ஆகாது. விடிந்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் குடித்து உட்காருவாள். இதில் இன்னொரு சட்டமும் உண்டு. ஹார்ன் என்பது ஒரே தகடு இல்லை. பூவிதழ் மாதிரி வெட்டிய தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மடித்துச் சேர்த்தது. ஓர் இதழில் கை வைத்தால் இந்த மடிப்பிலிருந்து அந்த மடிப்பு வரைக்கும் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஊறிய அழுக்கு அந்த இடத்திலேயே காய்ந்து, பழுப்பாக ஒரு வரி விழும். பழைய வார்னிஷுக்குள் இறங்கிவிட்ட அந்த வரியைப் பிறகு பிரம்மா வந்தாலும் எடுக்க முடியாது. இதழ் முடிந்து மடிப்புக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. அங்கே நிறுத்தலாம், எழுந்து போகலாம், கொட்டாவி விடலாம், வேண்டுமானால் பேசவும் செய்யலாம். அவள் அங்கேயும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, சாயங்காலம் பேசலாமே என்பீர்கள். யாரோடு? வேலை முடிந்து டீ போட்டுக் குடித்த பிறகு அவள் வாய்க்குப் பூரண விடுதலைதான். ஆனால் ஆள் வருகிற நேரமெல்லாம் பேசக் கூடாத நேரம், பேசக்கூடிய நேரத்தில் வருகிற ஆள் இல்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். சாப்பிட்டியாக்கா, உடம்பு எப்படி, இரு அவகிட்ட குடுக்கறேன் என்று மனைவியிடம் போனைத் தள்ளுவான். அவள் சாப்பிட்டீங்களா அண்ணி, உடம்பு எப்படி என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மற்ற நாட்களில் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்து வரி விளம்பரங்களை வாய்விட்டுப் படிப்பாள். விற்பனைக்கு, வாடகைக்கு, காணவில்லை, எல்லாம். மாடியில் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று தையல்காரி ஒருநாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள், பழைய தையல் மெஷின் வாங்கப்படும் என்று கேட்டதும் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று கோபித்துக்கொண்டு போனாள்.

அந்த வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் பழம்பொருள் கடைக்காரர். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்ட மனிதர். மகன் எங்கோ தூரத்தில். இரண்டு தெரு தள்ளி அவருடைய கடை; உடைந்த கடிகாரங்கள், கால் இல்லாத நாற்காலிகள், நடுவில் அவர். ஹார்ன் ஏதாவது அகப்பட்டால் பழைய போர்வையில் சுற்றி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவருகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்குவார். காலையில்தான் வருவார். சாயங்காலம் கடையில் ஆள் வரும் நேரம். அதுவும் போக, இருட்டுகிற நேரத்தில் ஒற்றைப் பெண்மணி வீட்டுக்கு ஏறினால் இந்தத் தெரு சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும். காலையில் ஏறினாலும் சும்மா இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெருவில் நாங்கள் எப்போதோ அவர்கள் கல்யாணத்தை முடித்து, யார் வீட்டில் குடித்தனம் என்பதில் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் பேச்சுக்காரர். கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவளுக்குக் கை பாஷை போதும். ஹார்னைக் கையில் வாங்கியதும் வெளிப்புறத்து மடிப்புகளை நகத்தால் வருடிப் பார்ப்பாள். விளிம்பைப் பிடித்துப் பார்ப்பாள். கழுத்துக்குள் டார்ச் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். காந்தத்தை வைத்துப் பித்தளையா, பித்தளைப் பூச்சா என்று சோதிப்பாள். அவர் பக்கத்திலிருந்து கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வருவார். மடிப்பு மடிச்சதுதானா, ஒட்ட வச்சதில்லையே, விளிம்புக்குள்ள கம்பி ஓடுதா, கழுத்துல தேய்மானம் இருக்கா என்று. ஒரு விரல் உயர்ந்தால் அசல். இரண்டு விரல் என்றால் ஹார்ன் அசல், வர்ணம் மட்டும் பின்னால் எவனோ அடித்தது. கை விரித்துக் காட்டினால் முழு நகல். நகல் என்று ஆன அன்று அவர் முகம் தொங்கும். ஆனாலும் எழுந்து போகமாட்டார். அந்த நகலை மடியில் வைத்துக்கொண்டு, எவன் என் தலையில் இதைக் கட்டினான், எப்படி ஏமாந்தேன் என்று ஒரு மணி நேரம் கதை சொல்லுவார். அவளுக்கு நகல் வருகிற நாட்கள்தான் பிடித்தமாக இருந்தன. துடைக்க வேலை இல்லை, கேட்க மட்டும் வேலை.

அவளுடைய இடது உள்ளங்கை உயர்ந்தால் பொறுங்கள் என்று அர்த்தம். இதழ் முடியட்டும், பிறகு பார்க்கலாம். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதழ் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே நிறுத்தலாம் என்பது அவளுக்கு அடுத்தபடியாக அந்த ஊரில் அவருக்குத்தான் தெரியும். சிக்கல் வந்ததே அதனால்தான்.

அன்றைக்கு வந்தது பெரிய ஹார்ன். வெளியே மங்கிய நீலம், உள்ளே ஒவ்வோர் இதழிலும் ஒரு மஞ்சள் ரோஜா. ரோஜாக்களைப் பார்த்தே அவள் ஒரு விரலை உயர்த்திவிட்டாள். அச்சுத் தகடு வைத்து அடித்திருந்தால் எல்லா ரோஜாவும் ஒரே முகமாக இருக்கும். இதில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஒன்றுக்கு இலை கூடுதல், ஒன்றை வரையும்போது வரைந்தவனுக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். கடைக்காரர் மனம் குளிர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் வேலையை ஆரம்பித்தாள். அவர் குழாயில் தண்ணீர் வராததைச் சொன்னார், முழங்கால் வலியைச் சொன்னார், பக்கத்துக் கடைக்காரன் வாசலை மறைத்துப் பலகை வைத்ததைச் சொன்னார். மூன்றாவது இதழின் நடுவில் அவள் கை இருந்தபோது, பலகை விஷயத்தைச் சொன்ன அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் அடுத்ததைச் சொன்னார்.

"பையன் வந்து அவனோடயே இருக்கச் சொல்றான் மேடம். எனக்கு அங்க போய் சோபால உக்காரப் பிடிக்கல. நீங்களும் தனியா இருக்கீங்க, நானும் தனியா இருக்கேன். ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்துட்டா என்னன்னு ரொம்ப நாளா ஒரு நினைப்பு. பதிவு ஆபீஸ்ல எழுதி முறையாவே பண்ணிக்கலாம். உங்களுக்கு எப்படித் தோணுதுன்னு சொல்லுங்க."

அவளுடைய இடது கை தானாக உயர்ந்தது. பொறுங்கள்.

அவர் பொறுத்தார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ஹார்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு ரோஜாவைத் தாண்டியது, இலையைத் தாண்டியது, தங்கக் கோட்டைத் தாண்டியது. தண்ணீர்ப் பஞ்சு, உலர்ந்த பஞ்சு. மடிப்பு வந்துவிட்டது.

பதில் அவளிடம் தயாராகத்தான் இருந்தது. சரி என்கிற இரண்டு எழுத்து. ஆனால் அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் வரிசையாக நின்றவற்றை அவள் அந்தக் கணத்தில் பார்த்துவிட்டாள். பல் துலக்காத முகத்தோடு ஒருவர் முன்னால் நடமாட வேண்டும். தம்பி மனைவிக்குச் சொல்ல வேண்டும். அவள் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்ப்பாள். சாயங்காலம் ஒருவர் எதிரே உட்கார்ந்து அவள் பேசுவதற்காகக் காத்திருப்பார். பேச ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிட்டால்? இவ்வளவு நாள் பேசாததற்கு எச்சில் காரணமாக இருந்தது. இனி என்ன காரணம் சொல்வது? இன்னும் ஒரே ஓர் இதழ், மனசு நிதானப்படட்டும் என்று நினைத்தாள். புதுக் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் வைத்து, நாலாவது இதழில் கையை வைத்தாள்.

ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது.

"சரி மேடம். நீங்க வேலையைப் பாருங்க."

படியில் இறங்கும் காலடி கேட்டபோது பஞ்சு நாலாவது ரோஜாவின் நடுவில் இருந்தது. எழுந்து ஓடலாம். ஓடினால் வரி விழும். விழுந்தால் என்ன என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

கீழே தையல்காரி வழியை மறித்தாள். என்ன இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் என்றாள். மழை வரும் போலிருக்கு என்றார் கடைக்காரர். தலைக்கு மேல் வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. தையல்காரி அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு தெருவில் ஒரு வாரம் சாப்பிட்டாள்.

முடித்த ஹார்னை எடுத்துக்கொண்டு போக அவர் வந்தது ஒரு மதியம். அவள் திட்டம் போட்டுத்தான் மதியத்தில் வரச் சொல்லியிருந்தாள். வாய்க்கு வேலை இல்லாத நேரம், டீயும் குடித்தாகிவிட்டது, சொல்ல வேண்டியதைச் சமையலறையில் நின்று நாலைந்து தடவை சொல்லியும் பார்த்தாகிவிட்டது. அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே ரோஜாக்களைப் பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு மேடம் என்றார். அவள் வாயைத் திறந்தாள். விளிம்பில் ஓரிடத்தில் வர்ணம் பொரிந்திருக்கிறது, வெயில் படாமல் வைக்கச் சொல்லுங்கள் என்றாள். சொல்லிடறேன் என்றார். போர்வையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சமையலறையில் அத்தனை ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கே போனது என்று அவள் சாயங்காலம் வரைக்கும் தேடினாள்.

அதற்கடுத்து இரண்டு ஹார்ன்கள் வந்தன. இரண்டையும் ஆட்டோக்காரர்தான் கொண்டுவந்தார். அவரிடம் ஒரு விரலைக் காட்டினாள். என்னம்மா, ஒருத்தர்தான் வரணுமா என்று அவர் குழம்பினார். காகிதத்தில் அசல் என்று எழுதிக் கொடுத்தாள். வேலை என்னவோ நடந்தது. ஆனால் அறையில் எதுவும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததா, பலகையை அந்த ஆள் எடுத்தானா, முழங்கால் எப்படி இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் அவர் பேச்சைத் தான் கேட்டுக்கொண்டிருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்பதும் ஒரு வகைப் பேச்சுதான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம் என்றும் தெரிந்தது. ஒரு சாயங்காலம் கடைப் பக்கமாக நடந்து போனாள். உள்ளே வெளிச்சம் இருந்தது, அவர் யாருக்கோ கடிகாரத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் தேவையே இல்லாத ஒரு பாக்கெட் ஊக்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

செய்தி தையல்காரி மூலமாகத்தான் வந்தது. ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கு, தெருவே கேட்கும்படி. கடைக்காரர் கடையைக் காலி பண்ணுகிறாராம், சாமான் எல்லாம் மொத்தமாக யாரோ எடுத்துக்கொள்கிறானாம், மகனிடம் போய் இருக்கப் போகிறாராம், உங்ககிட்ட சொல்லலையா. கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது தையல்காரி ஜன்னல் கம்பியில் முகத்தையே பதித்துவிட்டாள். மேலே இருந்தவள் வாயில் பஞ்சோடு தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று தெருவில் பெரிய விவாதம் நடந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவரே படியேறி வந்தார். போர்வை மூட்டை சின்னதாக இருந்தது. கடையில் மிச்சமிருந்த கடைசி ஹார்ன். மதியம் ஒருவர் வந்து வாங்கிப் போகிறார், அதற்குள் துடைத்துக் கொடுத்தால் கையோடு கொண்டுபோவேன் என்றார். ஆறே இதழ். கருஞ்சிவப்பில் வெள்ளைப் பூ. அவள் மடிப்பை வருடினாள், விளிம்பைப் பிடித்தாள், ஒரு விரலை உயர்த்தினாள். அவர் சும்மா தலையாட்டினார். காத்திருந்தாக வேண்டும் என்பதால் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேசவில்லை. ஸ்டூலின் ஒரு கால் குட்டை. அவர் அசையும்போதெல்லாம் அது தரையைத் தட்டியது.

முதல் இதழ் முடிந்தது. மடிப்பில் நின்றாள். இப்போது சொல்லலாம். சொல்லவில்லை. கை தன் பாட்டுக்குப் புதுப் பஞ்சை எடுத்தது. இரண்டாவது இதழ், கோடு, இலை, பூவின் முதல் பாதி. இந்தக் கை இப்படியே ஆறாவது வரைக்கும் போய்விடும், அதன் பிறகு போர்வையைச் சுற்றவும் உதவி செய்யும் என்று அவளுக்குப் புரிந்தது. பூவின் நடுவில் பஞ்சை எடுத்துவிட்டாள். குச்சியை மேஜைமேல் வைத்தாள். டம்ளர் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"நான் சரின்னுதான் சொல்ல இருந்தேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஹார்னைத்தான் பார்த்தார்.

"இதழ் முடியலையே மேடம்."

"தெரியும்."

"வரி விழுந்துடும். காயறதுக்குள்ள முடிச்சிடுங்க, அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா பேசமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அன்னிக்கு மூணாவது முடிஞ்சதுமே நிறுத்தியிருக்கலாம். நாலாவதை நான் வேலைக்காக எடுக்கல. பயந்துபோய் எடுத்தேன்."

மேஜைமேல் அந்த வெள்ளைப் பூவின் நடுவே ஈரம் ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டு வந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவின் பாதி வெளுத்து, பாதி மங்கலாக, நடுவில் டீ டம்ளர் வைத்த தடம் போல ஒரு பழுப்புக் கோடு மெதுவாகத் தெளிந்தது.

"நாலாவதை நீங்க எடுத்ததும், வேண்டாம்னு எடுத்துக்கிட்டேன்" என்றார் அவர். "வேறவங்களா இருந்தா வேலை மும்முரத்துல இருக்காங்கன்னு நினைச்சிருப்பேன். எனக்குத்தான் மடிப்பு வந்தா நிறுத்தலாம்னு தெரியுமே. அன்னிக்குச் சாயங்காலமே பையனுக்கு போன் போட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். அவன் ஒரு ரூமுக்கு வெள்ளையடிச்சு, கட்டில் வாங்கிப் போட்டு வச்சிருக்கான்."

"போகணும்னு இருக்கா?"

"இல்ல. ஆனா போறேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்கு அன்னிக்கு இருந்த தைரியம் அந்த ஒரு நாளைக்குத்தான் மேடம். அதைச் சேர்க்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப எல்லாருக்கும் போன் போட்டு, கடை வாங்கறவனுக்குச் சொல்லி, பையன்கிட்ட சொல்லி, திரும்ப எல்லாத்தையும் மாத்தற தெம்பு என்கிட்ட இல்ல. வயசாயிடுச்சு."

அவள் வாதாடவில்லை. பயத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவரின் களைப்பை முறித்துப் போடுகிற அளவுக்கு அவளுக்கு உரிமையும் இல்லை. இருந்திருக்க வேண்டிய உரிமையைத்தான் நாலாவது ரோஜாவில் துடைத்துப் போட்டாகிவிட்டதே.

மிச்சத்தை முடிச்சுக் குடுத்துடறேன் என்றாள். அவர் உட்கார்ந்தே இருந்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது அதுவரை நடக்காதது. அவள் ஒவ்வொரு மடிப்பிலும் நின்று பேசினாள். வரி விளம்பரங்களை வாய்விட்டுப் படிப்பதைச் சொன்னாள். தையல் மெஷின் விளம்பரத்துக்கு எதிர் வீட்டுக்காரி கோபித்துக்கொண்டதைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார், ஸ்டூல் ஆடியது. ஊக்கு வாங்கிய கதையைச் சொன்னாள்; அதற்கு அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்திருக்கலாமே என்றார். வந்திருக்கலாம் என்றாள். பலகையை அந்த ஆள் எடுத்தானா என்று கேட்டாள். எடுக்கவே இல்லை, இனி என்ன பண்ணினா எனக்கென்ன என்றார். பேசப் பேச வாய் வறண்டது, பஞ்சு நனைய நேரம் பிடித்தது. அவளும் அவசரப்படவில்லை. ஆனால் எவ்வளவு மெதுவாகத் துடைத்தாலும் ஒரு ஹார்னில் இருக்கிற இதழ் இருக்கிறவைதான். ஆறாவதும் முடிந்தது.

அவர் ஹார்னை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது இதழில் கண் நின்றது. வாங்குகிறவர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றாள். பழைய கறைன்னு சொல்வேன், நாளையிலிருந்து பழசுதானே என்றார். போர்வையை அவளும் ஒரு பக்கம் பிடித்துச் சுற்றினாள். வாசல் வரைக்கும் வந்தாள். இவ்வளவுதான். கையைப் பிடித்துக்கொண்டார்களா, கண் கலங்கினார்களா என்றெல்லாம் தையல்காரி கேட்டுப் பார்த்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசல்படி தெரியாது.

மறுநாள் அவர் போய்விட்டார். மாடி ஜன்னல் இரண்டு நாள் திறக்கவில்லை. தெருவுக்கு அது போதும். அவர் ஏமாற்றிவிட்டார் என்றது ஒரு கட்சி. அவள் துரத்திவிட்டாள் என்றது இன்னொன்று. மகன் வந்து மிரட்டினான் என்று புதிதாக ஒரு கட்சி முளைத்து, அதற்கு நல்ல ஆதரவும் சேர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் காய்கறி வண்டியைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பையோடு இறங்கி வந்தாள். காலை நேரம், வேலை நேரம். பேச்சு சட்டென்று தக்காளிக்கு மாறியது. அவள் வண்டிக்கு அருகில் வந்து, யாரும் கேட்காமலே, தையல்காரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கடைக்காரர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாருங்க. நான் நேரத்துக்குப் பதில் சொல்லல. நான் சொன்னப்போ அவரு கிளம்ப ரெடியாயிட்டாரு. மகன் ஒண்ணும் மிரட்டல."

பச்சை மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. வண்டிக்காரன் தராசைப் பிடித்தபடியே நின்றான். இத்தனை நாள் பாடுபட்டுக் கட்டிய மூன்று கட்சியையும் நாலு வாக்கியத்தில் கலைத்துவிட்டாள். நாலாவது கட்சி கட்ட அதில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. தையல்காரிக்கு ஏதாவது கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் தையல்காரியே இல்லை.

"அழுதீங்களா?" என்றாள். வம்புக்குக் கேட்டதாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது குரல் வேறாகிவிட்டது.

"அழுதேன். ரெண்டு நாளா."

அவள் குனிந்து தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் மெல்ல வருடி, காம்புப் பக்கம் பார்த்து, வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தாள். ஒரு ஆளுக்கு எத்தனை தக்காளி வேண்டியிருக்கும்? நாலு எடுத்தாள். இடது கையில் பை சுருண்டு கிடந்தது, வலது கை நிறையத் தக்காளி, பையைத் திறக்க மூன்றாவது கை இல்லை. தையல்காரி பையை வாங்கி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.